அப்பாவின் பிஸ்கட் டின்

“குவாந்தான் வரைக்கும் இந்தக் காரிலா?”

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் எங்கள் தாமானில் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒருபடி மேலே போய், “ஏன் பாப்பா, உன்கிட்டதான் ஏர்கோண்ட் வச்ச புது கார் இருக்கே?” என்று என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்.

அந்தக் கார் 1967-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000. கோத்தா திங்கியில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. செம்பனை ஆலையில் ஃபிட்டராக வேலை செய்த என் அப்பா, 1973-இல் அதைப் பழைய காராக வாங்கினார். அவருக்கு இப்போது 77 வயது. கண் பார்வை மங்கிவிட்டதால் கார் ஓட்டுவதை நிறுத்தி 3 ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் வாரம் ஒருமுறை என்னை அழைத்து, என்ஜினை ஓடவிடச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்பார்.

குவாந்தானில் அத்தை இருக்கிறார், அப்பாவின் ஒரே தங்கை. 1976-இல் கல்யாணம் முடிந்து அவர் புகுந்த வீட்டுக்குப் போனது இந்தக் காரில்தான். முன் கண்ணாடியில் பூச்சரம் கட்டி, அப்பாதான் ஓட்டிக்கொண்டு போனார். இப்போது அத்தைக்கு 71 வயது. சிறுநீரகம் பழுதாகி, திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் 3 நாள் டயாலிசிஸ். அவரால் கோத்தா திங்கிக்கு வர முடியாது.

“தங்கச்சி போன்ல கேட்டுச்சு, அந்தக் கார் இன்னும் இருக்கான்னு. ஒரு தடவ கொண்டு போய் காட்டிட்டு வந்துடணும்மா” என்றார் அப்பா.

அதற்கு மேல் நான் எதுவும் பேசவில்லை. ஏறத்தாழ 280 கிலோமீட்டர். மெர்சிங், எண்டாவ், ரொம்பின், பெக்கான் வழியாகப் போகும் கூட்டரசு சாலை எண் 3. ஓட்டப் போவது நான், வழி சொல்லப் போவது அப்பா. பின் இருக்கையில் அம்மாவும் அவர் கட்டிய சாப்பாட்டு மூட்டையும்.

கைப்பேசி போதாதா?

நான் ஜோகூர் பாருவில் கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். கார் நின்றால் என்ன செய்வது என்று எங்கள் தலைமுறையைக் கேட்டால் ஒரே பதில்தான்: காப்புறுதிக் கம்பெனிக்குப் போன் செய்தால் இழுவை லாரி வரும். அப்பாவிடமும் அதைத்தான் சொன்னேன்.

“இழுத்துக்கிட்டு எங்க போவான்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி நியாயமானது என்பது யோசித்த பிறகுதான் புரிந்தது. இன்றைய காரை எந்தப் பட்டறைக்கு இழுத்துப் போனாலும் உதிரிப்பாகம் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். மோரிஸ் மைனருக்கு அப்படி வராது. சின்ன ஊர்ப் பட்டறைக்காரரிடம் கை இருக்கும், சாமான் இருக்காது. 20 வெள்ளி சாமான் ஒன்று இல்லாததால் வண்டி 2 வாரம் வேறு ஊரில் கிடக்கும். பழைய காரில் நெடும்பயணம் போகிறவர்கள் உதிரிப்பாகத்தைக் கட்டிக்கொண்டு போவது இதற்காகத்தான்.

அதற்காகக் கடையையே தூக்கிக்கொண்டு போக முடியாது. மோரிஸ் மைனரின் பூட் சிறியது. எதை எடுப்பது, எதை விடுவது? அப்பா மூன்று கேள்விகள் சொன்னார்.

ஒன்று, இது போனால் வண்டி நின்றுவிடுமா? நிற்காது என்றால் வேண்டாம். எண்ணெய் அளவு காட்டும் முள் ஆடாவிட்டாலும் வீடு வந்து சேரலாம்.

இரண்டு, இது வழியில் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் இரண்டாம் பட்சம். என்ஜின் எண்ணெய், அதாவது நம் ஊர்ப் பேச்சில் ‘மிஞ்யாக் ஹீத்தாம்’, எல்லா எண்ணெய் நிலையத்திலும் உண்டு. 20டபிள்யூ-50 ஒரு லிட்டர் போதும், 5 லிட்டர் தேவையில்லை.

மூன்று, சாலை ஓரத்தில் இதை மாற்ற முடியுமா? என்னால் முடியாவிட்டாலும் அடுத்த ஊர்ப் பட்டறைக்காரரால் முடியுமா? முடியும் என்றால் எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் பம்பு அப்படி ஒரு சாமான். நான் மாற்ற மாட்டேன், மெர்சிங்கில் யாராவது மாற்றித் தருவார்கள். ஆனால் சாமான் நம் கையில் இருக்க வேண்டும்.

இந்த மூன்று கேள்விகளையும் தாண்டி வந்தவை மட்டும் பட்டியலில் ஏறின. அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

அங்குலமா, மில்லிமீட்டரா?

முதலில் கருவிகள். என் காருக்காக வாங்கி வைத்திருந்த பளபளப்பான ஸ்பேனர் பெட்டியைப் பெருமையாகக் கொண்டுவந்து வைத்தேன். அப்பா ஒரு ஸ்பேனரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது மில்லி. நம்ம வண்டி இஞ்சி” என்று ஒதுக்கி வைத்தார்.

பழைய ஆங்கிலேயக் கார்களின் நட்டுகள் அங்குல அளவில் இருக்கும். எங்கள் வண்டியில் அதிகம் பயன்படுபவை 7/16, 1/2, 9/16 அங்குல ஸ்பேனர்கள். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 மில்லி ஸ்பேனரைப் போட்டால் பொருந்துவது போலத்தான் தெரியும். இறுகிய நட்டை அதனால் திருகினால், அந்த 0.3 மில்லி இடைவெளியே நட்டின் முனைகளை மழுங்கடித்துவிடும். பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது. உங்களுடையது டட்சன் 120ஒய் போன்ற ஜப்பானியக் கார் என்றால் கணக்கு மாறும். அங்கே 10, 12, 14 மில்லி ஸ்பேனர்களே பெரும்பாலான வேலையை முடித்துவிடும். உங்கள் வண்டி எந்த அளவு என்று முதலில் தெரிந்துகொண்டு அதற்கேற்ற ஸ்பேனர்களை மட்டும் எடுங்கள்.

அப்பாவின் ஸ்பேனர்களில் கறுப்புப் புள்ளிகள் நிறைய உண்டு. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியை மூழ்கடித்த வெள்ளத்தை ஜோகூர்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். முதல் வெள்ளத்தின்போது அப்பா காரை மேட்டுப் பக்கம் ஏற்றி நிறுத்திவிட்டார். கருவிப் பெட்டி வீட்டிலேயே தங்கிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் சேற்றிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தேய்த்து, எண்ணெய் தடவித் துணியில் சுற்றினார். அடுத்த மாதம் மறுபடி வெள்ளம் வந்தபோது முதலில் பெட்டிதான் வெளியேறியது.

ஸ்பேனர்கள் தவிர நாங்கள் எடுத்தவை: பெரிதும் சிறிதுமாக 3 ஸ்குரூடிரைவர், இடுக்கி, பிளக் ஸ்பேனர், மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் விளக்கு, பாயிண்ட் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், மெல்லிய உப்புத்தாள், இன்சுலேஷன் டேப், கம்பி, கேபிள் டை, தலையில் மாட்டும் விளக்கு, கையுறை. தலை விளக்கு முக்கியம். இரவில் ஒரு கையால் டார்ச் பிடித்துக்கொண்டு மறு கையால் நட்டைக் கழற்ற முடியாது. பிறகு, கையால் சுற்றி என்ஜினைக் கிளப்பும் கிராங்க் கம்பி. இக்காலக் கார்களில் இல்லாத வசதி அது.

நெருப்பு, எண்ணெய், தண்ணீர்

பெட்ரோல் என்ஜின் ஓடுவதற்கு நெருப்பும் எண்ணெயும் வேண்டும், கொதிக்காமல் இருக்கத் தண்ணீர் வேண்டும். உதிரிப்பாகங்களையும் அப்பா அப்படியே மூன்று பொட்டலமாகப் பிரித்தார்.

நெருப்புப் பொட்டலத்தில் காண்டாக்ட் பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, 2 ஸ்பார்க் பிளக், ஒரு நீளமான பிளக் வயர், ஒரு காயில், 35 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் நான்கு. பழைய கார் வழியில் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் கூட்டத்தைத்தான். எல்லாம் சேர்த்தாலும் ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

எண்ணெய்ப் பொட்டலத்தில் ஒரு மீட்டர் பெட்ரோல் ஹோஸ், கிளிப்புகள், ஃபில்டர். எங்கள் காரின் எஸ்.யு. பெட்ரோல் பம்பு மின்சாரத்தில் ஓடுவது. சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக் டிக்’ என்று அடித்து, கார்பரேட்டர் நிறைந்ததும் அமைதியாகும். சத்தமே வராவிட்டால் உள்ளே இருக்கும் பாயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் மெல்ல ஒரு தட்டு தட்டினால் பல நேரம் உயிர் வந்துவிடும்.

தண்ணீர்ப் பொட்டலத்தில் ஃபேன் பெல்ட், ரேடியேட்டரின் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், கிளிப்புகள், அந்தத் தண்ணீர் பம்பு, 5 லிட்டர் தண்ணீர். இந்தக் காரில் ஒரே பெல்ட்தான் விசிறியையும் தண்ணீர் பம்பையும் டைனமோவையும் சுற்றுகிறது. அது அறுந்தால் மூன்றும் நிற்கும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். அரை மணி நேரம் பொறுத்திருந்து, துணி போட்டுத்தான் திறக்க வேண்டும்.

இவை தவிர, சீல் உடைக்காத பிரேக் எண்ணெய் ஒரு போத்தல். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், திறந்து பாதி பயன்படுத்திய போத்தலை நம்பக் கூடாது. மோரிஸ் மைனரில் அதை ஊற்றும் இடம் ஓட்டுநரின் காலடியில், தரை விரிப்புக்குக் கீழே இருக்கிறது. இது தெரியாமல் பொனட்டுக்குள் தேடியவர்கள் உண்டு. நானும் தேடியிருக்கிறேன்.

பேட்டரி கேபிள் எடுத்துப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனைதான் காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய கார்களில் எதிர்முனை. உதவிக்கு வருகிறவர் வழக்கம்போல் கேபிளை மாட்டினால் தீப்பொறி பறக்கும். நாங்கள் பேட்டரி மூடியில் ‘பாசிடிவ் எர்த்’ என்று பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டோம். கைப்பேசி சார்ஜரையும் இந்தக் காரில் சொருகவில்லை, பவர்பேங்க் எடுத்துக்கொண்டோம்.

சக்கரமும் பலகையும்

ஸ்பேர் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கிறோம், அதன் வயதைப் பார்ப்பதில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. எங்கள் ஸ்பேர் டயர் பார்க்கப் புதிதாக இருந்தது. எண்ணைப் பார்த்தால் 14 வயது! உடனே மாற்றினோம்.

ஜாக்கோடு ஒரு தடித்த பலகைத் துண்டும் எடுங்கள். நம் ஊர்ச் சாலை ஓரம் மழைக்குப் பிறகு செம்மண் சேறு. ஜாக் வண்டியைத் தூக்காது, மண்ணுக்குள் இறங்கும். பலகையை அடியில் வைத்தால் நிற்கும். எதிர்ச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க 2 மரக்கட்டை. பழைய வண்டியில் ஜாக் வைக்கும் இடமே துருப்பிடித்து இற்றுப் போயிருக்கலாம். அதனால் வீட்டு வாசலிலேயே ஒருமுறை தூக்கி, சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

அடுக்கும் முறை

“சத்தம் போடுற சாமான் நமக்கு எதிரி” என்பார் அப்பா. பூட்டில் ஸ்பேனர்கள் கலகலவென்று ஆடினால், வண்டி எழுப்பும் புதுச் சத்தம் காதில் விழாது. அதனால் கருவிகள் எல்லாம் அம்மாவின் பழைய கைலித் துணியில் தைத்த பைகளில் உருட்டிக் கட்டப்பட்டன. கனமானவை கீழே, பின் இருக்கையை ஒட்டி. உடையக்கூடிய டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, கண்டென்சர் போன்றவை ஒரு பிஸ்கட் டின்னில். முக்கோண எச்சரிக்கைப் பலகையும் தலை விளக்கும் எல்லாவற்றுக்கும் மேலே. கார் நின்றதும் முதலில் கைக்கு வர வேண்டியவை அவைதான். பத்து மூட்டையைச் சாலையில் இறக்கி வைத்துவிட்டு எடுக்கும் நிலை வரக் கூடாது.

டின் மூடியின் உள்பக்கத்தில் பட்டியலை ஒட்டினோம். எதை எங்கே வைத்தோம் என்பதும் அதில் உண்டு.

இங்கேதான் அப்பா இன்னொன்று செய்தார். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு பாயிண்டும் கண்டென்சரும் புதிதாக மாற்றியிருந்தோம். கழற்றிய பழையதை நான் குப்பையில் போடப் போனேன். அவர் கையை நீட்டி வாங்கி, துடைத்து, டின்னில் வைத்தார்.

“புதுசு ஒன்னு ஏற்கெனவே டின்ல இருக்கேப்பா?”

“அது ஓடிக் காட்டல. இது ஓடிக் காட்டியிருக்கு.”

அன்றே தொடங்கிய கதை

பழைய காரில் கருவியோடு புறப்படுவது இன்று பொழுதுபோக்காகத் தெரியலாம். ஆனால் காரில் நெடும்பயணம் போனவர்களின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1888 ஆகஸ்டில், ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர வண்டியில், அவரிடம் சொல்லாமலேயே இரு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து போர்ஸைம் நகருக்குப் புறப்பட்டார். சுமார் 100 கிலோமீட்டர். எண்ணெய்க் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தார். மின்கம்பிக்கு உறையாகத் தம் காலுறைப் பட்டியைச் சுற்றினார். எரிபொருளை வழியில் ஒரு மருந்துக் கடையில் வாங்கினார். தேய்ந்த பிரேக்குக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடித்துக்கொண்டார். வழியில் என்ன கிடைக்கும், எது கையில் இருக்கிறது என்ற அப்பாவின் கணக்கு அதுவேதான்.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. 1955 செப்டம்பர் 1-இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் 6 பேர் 2 லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டு, தரை வழியாகவே 1956 மார்ச் 6-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்கள். வண்டியைக் கவனிக்க அந்த ஆறு பேரில் ஒருவர் தனியாக இருந்தார். அந்த வண்டிகளில் ஒன்றான ‘ஆக்ஸ்ஃபோர்டு’, புதுப்பிக்கப்பட்டு, 2019-இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திரும்பி ஓடியது. அப்போது அதற்கு 64 வயது. இதைச் சொன்னதும் அப்பா, “அப்ப நம்ம வண்டி சின்னப் பிள்ளைதான்” என்றார்.

ஒத்திகையும் பயணமும்

புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, எல்லாச் சாமானையும் ஏற்றி, மூன்று பேரும் உட்கார்ந்து, லோம்போங் நீர்வீழ்ச்சி வரை போய்வந்தோம். ஊரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். வெறும் வண்டியில் ஒத்திகை பார்த்துப் பயனில்லை. சுமை ஏறியபோதுதான் பின்பக்கம் டயர் மண்காப்பில் உரசுவது தெரிந்தது. அம்மாவின் அரிசி மூட்டை அன்றே இறக்கப்பட்டது. “குவாந்தான்ல அரிசி விக்கிறாங்க” என்று அப்பா சொல்ல, அம்மா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

கிழக்குக்கரைப் பயணத்துக்கு வடகிழக்குப் பருவமழை மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. நாங்கள் ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலை 7 மணிக்குப் புறப்பட்டோம். அத்தைக்கு டயாலிசிஸ் இல்லாத நாள்.

கோத்தா திங்கியைத் தாண்டினால் பந்தி காடு. அதன் பிறகு செம்பனையும் காடும் மாறி மாறி வரும். யானை கடக்கும் இடம் என்ற எச்சரிக்கைப் பலகைகள் நிற்கும். 70 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். ஜெமாலுவாங் வருவதற்கு முன்னால் என்ஜின் இரண்டு முறை திக்கியது. மூன்றாவது முறை ‘பட்’டென்று ஒரு வெடி. வண்டி தானாக ஓரத்துக்கு உருண்டு நின்றது.

கைப்பேசியை எடுத்தேன். ஒரு கோடுகூட இல்லை.

எனக்குக் கை நடுங்கியது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் இருக்கையில் அப்படியே உட்கார்ந்தபடி, “முதல்ல முக்கோணத்தை வை. அம்மாவ ரோட்டுக்கு அந்தப் பக்கமா நிழல்ல உட்கார வை. அப்புறம் பேசலாம்” என்றார்.

திரும்பி வந்ததும் கேட்டார். “சாவியப் போடு. பம்பு அடிக்குதா?”

டிக் டிக் என்று அடித்து நின்றது. எண்ணெய் வருகிறது.

“பிளக் வயர் ஒன்னக் கழட்டி, காஞ்ச துணியால புடிச்சு, என்ஜின் பக்கத்துல காட்டு. நான் ஸ்டார்ட்டரச் சுத்துறேன். என்ன கலரு?”

“மஞ்சளா, லேசா இருக்குப்பா.”

“நீலமா அடிக்கணும். மூடியத் தெற.”

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தேன். புதிதாகப் போட்ட பாயிண்டின் முகம் கருகிக் கிடந்தது. சொன்னேன். அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“கண்டென்சர். டின்ன எடு.”

ஓடிப் போய் டின்னைத் திறந்தால் உள்ளே அதிரசம்! அம்மாவும் அதே மாதிரி டின்னில்தான் பலகாரம் அடுக்கியிருந்தார். மூடியின் வெளிப்பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. உள்பக்கம் ஒட்டிய பட்டியலால் அந்த நேரத்தில் என்ன பயன்? சாப்பாட்டு மூட்டைக்கு அடியில் சரியான டின் அகப்பட ஐந்து நிமிடம் ஆனது.

அதற்குள் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று எங்களைக் கடந்து போனது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிளில் ஒரு மலாய்ப் பெரியவர் நின்று, “ரோசாக் கா?” என்று கேட்டார். காரைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். அவர் அப்பாவும் ஒரு மோரிஸ் வைத்திருந்தாராம். குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்.

கண்டென்சரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு சின்ன ஸ்குரூ. கீழே விழுந்தால் தேடவே முடியாது. அப்பா சொன்னபடி அடியில் ஒரு துணியை விரித்துவிட்டுக் கழற்றினேன். டின்னில் இரண்டு கண்டென்சர் இருந்தன. ஒன்று பெட்டி பிரிக்காத புதியது. மற்றது அப்பா துடைத்து வைத்த பழையது. எது என்று நான் கேட்கவில்லை. பழையதை மாட்டினேன்.

பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்தாயிற்று. இடைவெளி 0.015 அங்குலம் இருக்க வேண்டும். கிராங்க் கம்பியைச் சொருகி என்ஜினை மெல்லத் திருப்பினால்தான் பாயிண்ட் முழுசாகத் திறக்கும். “கட்டைவிரல மடக்காத. திருப்பி அடிச்சா எலும்பு போயிடும்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நான்கு விரல்களோடு கட்டைவிரலையும் ஒரே பக்கம் வைத்துத் திருப்பினேன்.

ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தேன். சரியா, தவறா, எனக்குத் தெரியவில்லை. அப்பா காரை விட்டு இறங்கி, மண்காப்பைப் பிடித்துக்கொண்டே முன்னால் வந்தார். அவர் கையைப் பிடித்து அந்தத் தகட்டின் மீது வைத்தேன். இரண்டு விரலால் மெல்ல இழுத்தார், மறுபடி நுழைத்தார், மறுபடி இழுத்தார்.

“கொஞ்சம் இறுக்கம். அரை மயிரிழை விடு.”

விட்டேன். மறுபடி இழுத்துப் பார்த்தார். “இதான். இந்த இழுவைய ஞாபகம் வச்சுக்க” என்று சொல்லி, என் விரலைத் தகட்டின் மேல் வைத்து இழுக்க வைத்தார். வெண்ணெயிலிருந்து கத்தியை எடுப்பது போன்ற ஒரு சின்னப் பிடிமானம்.

மூடியை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே பிடித்தது. மொத்தம் 40 நிமிடம். குடை பிடித்தவருக்கு அம்மா ஒரு பொட்டலம் அதிரசம் கொடுத்தார்.

அத்தை

மெர்சிங்கில் பசியாறிவிட்டு, வழியில் இரண்டு இடங்களில் வண்டியை ஆறவைத்து, மாலை 4 மணிக்குக் குவாந்தான் போய்ச் சேர்ந்தோம். ஹாரன் சத்தம் கேட்டு அத்தையே வாசலுக்கு வந்துவிட்டார். மெலிந்து போயிருந்தார். கையில் ஊசி போட்ட இடம் தடித்திருந்தது.

“அண்ணே, நீங்க இன்னும் இத விக்கலயா?” என்று மட்டும் கேட்டார். அப்பா பதில் சொல்லாமல் பின் கதவைத் திறந்து பிடித்தார். அன்றைக்கு உட்கார்ந்த அதே இடப்பக்கம். தாமானை ஒரு சுற்று சுற்றி வந்தோம். அத்தை வழியெல்லாம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, “அன்னைக்கு எண்டாவ் வரைக்கும் அழுதுக்கிட்டே வந்தேன். அண்ணன் ஒரு வார்த்த பேசல” என்றார்.

“நான் வண்டிச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருந்தேன்” என்றார் அப்பா. இருவரும் சிரித்தார்கள்.

திரும்பி வந்ததும்

திங்கட்கிழமை வீடு திரும்பினோம். வண்டியைக் கழுவலாம் என்று வாளியை எடுத்தேன். அப்பா தடுத்தார். “முதல்ல டின்ன நிரப்பு. அப்புறம் கழுவு.” எடுத்துப் பயன்படுத்திய சாமானை அன்றே எழுதி வைக்காவிட்டால், அடுத்த பயணத்தில் அது டின்னில் இருப்பதாக நினைத்துக்கொண்டே புறப்படுவோம்.

உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு பழைய கார் நிற்கலாம். அப்பாவுடையதோ தாத்தாவுடையதோ, முதல் தலைமுறை புரோட்டோன் சாகாவாகக்கூட இருக்கலாம். அதில் பயணம் போக ஆசை இருந்தால், பட்டியலை இணையத்தில் தேடுவதற்கு முன் அந்தக் காரை ஓட்டியவரிடம் கேளுங்கள். எந்தச் சாமான் அடிக்கடி போகும், எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டும், எந்த நட்டு இடப்பக்கம் திரும்பாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் சொல்லும்போதே எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒருமுறை அவர் பக்கத்தில் நிற்கும்போதே செய்து பாருங்கள்.

எங்கள் டின்னின் வெளிப்பக்கம் இப்போது ‘சாமான்’ என்று சிவப்புச் சாயத்தில் எழுதியிருக்கிறது. அம்மாவின் டின்னில் ‘பலகாரம்’. புதுக் கண்டென்சர் இரண்டு வாங்கி வந்தேன். நேற்று அப்பா கேட்டார்:

“வாங்கிட்ட சரி. எப்ப மாட்டி ஓட்டிப் பாக்கப் போற?”

இந்த ஞாயிற்றுக்கிழமை, லோம்போங் வரைக்கும்.